பொழுது படுமுன் பூட்டுக

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே மோட்டார்க் காரைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று வியப்போர் சிலர் இருத்தல் கூடும். அவர்களுக்கு முதற்கண் ஒரு சமாதானம் கூறிவிடுகின்றேன். ஊர்தியைப் பாடுவதற்கு நம் பழம்புலவர் கூசியவர் அல்லர். வினைமுடித்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுவதை முல்லைத்திணைப் பாடல்கள் மீண்டும் மீண்டும் பேசுகின்றன. பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் வெருளக்கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வந்த தலைவன் ஒருவனை அகநானூற்றிலே காண்கிறோம். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சில்லுக்கு அதியமானை ஒப்பிடுகின்றார் ஔவையார். 1980களின் தொடக்கத்திலே பேராதனை விரிவுரை மண்டபத்தில் இப்பாடல்களைக் கேட்டிருந்தபோது, என் நண்பர்கள் தலைவியின் துயரை எண்ணிக் கசிந்திருப்பர். நானோ அந்தச் சில்லின் அச்சுக்கு எந்த எண்ணெய் பூசியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் நோய் அத்தகையது.

நான் பொறியியலாளன் அல்லேன். தமிழ் கற்று, யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்து, ஓய்வுபெற்றவன். ஆயினும் என் விரல் நகங்களின் ஓரத்தில் கறுப்பு எண்ணெய் இல்லாத நாள் குறைவு. சுண்ணக்கட்டித் தூளும் ஒயிலும் கலந்தால் எத்தகைய அழுக்காகும் என்பதை என் வேட்டிகளைத் தோய்த்தவர்கள் அறிவர்.

இந்நோய்க்குக் காரணமானது எங்கள் வீட்டு மொறிஸ் மைனர். 1959ஆம் ஆண்டு செய்யப்பட்டது. நான்கு கதவும், 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், சாம்பல் நிறமும் உடையது. என் தகப்பனார் அதனை 1969இல் ஒரு வைத்தியரிடமிருந்து வாங்கினார். மைனரின் வரலாற்றை அவர் புராணம்போலச் சொல்வார். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த அக்கார், 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதல் காட்சிக்கு வைக்கப்பட்டது. உற்பத்தி தொடங்குவதற்குச் சற்று முன்னர், காரின் உடல் ஒடுங்கலாக இருக்கிறதென்று இசிகோனிசுக்குப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினால் பொருத்தமாகும் என்று முடிவுசெய்தார். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் இன்றும் ஒவ்வொரு மைனரின் பொனற்றிலும் நடுவே தட்டையான பட்டியாக ஓடுகின்றது. தகப்பனார் தம் நான்கு விரல்களையும் அப்பட்டிமேல் சேர்த்து வைத்துக் காட்டுவார். “செய்து முடிஞ்சதெண்டு நினைச்சதையும் வெட்டித் திருத்தலாம் எண்டதுக்கு இது சாட்சி” என்பார். என் முதற் கட்டுரைகளைத் திருத்தித் தந்தபோதும் இதையேதான் சொன்னார்.

1976ஆம் ஆண்டு; எனக்குப் பதினான்கு வயது. குடும்பமாகக் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாங்குளம் தாண்டிய காட்டிலே கார் இருமியது, தயங்கியது, நின்றுவிட்டது. ஆனைகள் தெருவைக் கடக்கும் இடமென்று சொல்லக் கேட்டிருந்தபடியால் அம்மா கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிட்டார். தகப்பனார் பதற்றமின்றி இறங்கினார், பொனற்றைத் திறந்தார், ஸ்குறூட்றைவரின் மரப்பிடியால் ஏதோ ஒன்றை மும்முறை தட்டினார். ‘டிக், டிக், டிக்’ என்று ஓர் ஒலி எழுந்தது. கார் புறப்பட்டது. ஆனையை விரட்டும் மந்திரம் அம்மாவிடமும், காரை எழுப்பும் மந்திரம் ஐயாவிடமும் இருந்ததாக அன்று நம்பினேன். பின்னர்தான் அறிந்தேன்: பெற்றோலைத் தாங்கியிலிருந்து இழுத்துத் தருவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிறு பம்பு, அதனுள்ளே கூடியும் பிரிந்தும் வேலைசெய்யும் இரு தொடுமுனைகள் வயதாலும் தூசியாலும் ஒட்டிக்கொள்வதுண்டு, தட்டினால் அவை விலகும். மந்திரம் போய்விட்டது. ஆயின் மந்திரத்தைவிட அந்த விளக்கமே எனக்கு வியப்பைத் தந்தது. அன்று தொட்டு, மூடியிருக்கும் எதனையும் திறந்து பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

திறந்து பார்ப்பவனுக்கு நேரும் அவமானங்கள் பல. எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பும்போது பெருவிரலை மற்றை விரல்களின் பக்கமே வைத்திருக்கவேண்டும். கைப்பிடியைச் சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது கை முறியும். இதனை நான் வாசித்திருந்தேன். வாசித்தது கைக்கு இறங்கியது, மணிக்கட்டில் மூன்று கிழமை கட்டுப் போட்டிருந்த பின்னரே. இன்னொரு முறை, தகப்பனாரை ஏற்றிக்கொண்டு ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். படலைக்குள் வளைத்துத் திருப்புகையில் கோண் அலறத் தொடங்கியது, நிற்கவில்லை. சுக்கான் தண்டினுள்ளே செல்லும் கம்பியின் உறை தேய்ந்து, கம்பி இரும்பிலே பட்டிருக்கின்றது. பறைமேளகாரர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தனர். நான் பொனற்றைத் திறந்து கம்பியை இழுத்தறுக்கும்வரை அந்த ஒப்பாரி ஓயவில்லை. பெரியவர் ஒருவர் அருகில் வந்து, “தம்பி, ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பாரும். ஆள் எழும்பியிருந்தாலும் இருக்கும்” என்றார்.

எங்கள் சந்தியிலே ஒரு வேப்பமரத்தடியில் கறாச் நடத்தியவரே இத்துறையில் எனக்கு ஆசான். இளமையில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலே லொறிகள் திருத்திப் பழகியவர். எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். நீண்ட ஸ்குறூட்றைவர் ஒன்றின் நுனியை ஓடும் எஞ்சினில் ஊன்றி, பிடியைத் தம் காதிலே வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். எந்த வால்வ் தளர்ந்திருக்கிறது, எந்தத் தாங்கி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாட்டைக் கேட்டுச் சுருதி பிசகியதைச் சொல்லும் பாகவதரின் முகம் அப்போது அவருக்கு இருக்கும். “கண்ணாலை பாக்கிறது பிறகு, தம்பி. முதல் காதாலை பாரும்” என்பது அவர் எனக்குச் சொன்ன முதற் பாடம்.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. வடக்கில் மின்சாரம் நின்றது. பெற்றோல் வருவதும் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்று இன்றைய மாணவர்க்குச் சொன்னால் கதையென்றே எண்ணுகின்றனர். கதையன்று. பெற்றோல் இலகுவில் ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. ஆகவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயால் கிளப்புதல் அரிது. சூடேறிவிட்டால் ஓடும். 1940களிலும் 50களிலும் இங்கிலாந்திலே உழவு யந்திரங்கள் பல இவ்வாறே பெற்றோலிற் கிளம்பி, பின்னர் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடியவைதாம். எங்கள் பழைய கார்கள் இதற்கு இசைந்து கொடுத்தமைக்கும் ஒரு காரணம் உண்டு. மைனரின் எஞ்சினிலே, புகையை வெளியேற்றும் குழாயும் எரிபொருட் கலவையை உள்ளே செலுத்தும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று அணைந்து கிடக்கின்றன. வெளியே போகும் சூடு உள்ளே வரும் எரிபொருளைக் காய்ச்சிக் கொடுத்தது.

எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். ஆஸ்பத்திரியிற் கழித்த சேலைன் போத்தல் ஒன்றில் சிறிதளவு பெற்றோல் ஊற்றிப் பொனற்றின் அடியிலே தொங்கவிட்டேன். அதன் குழாயைக் காபுரேற்றருக்குக் கொடுத்தேன். நோயாளிக்குத் துளித்துளியாக ஏற்றுவதுபோல ஏற்றி, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் தாங்கியிலிருந்த மண்ணெண்ணெய்க்கு மாற்றுவேன். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. முந்தி வெடித்து எஞ்சினை உள்ளிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். அதனால் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளிவைக்க வேண்டும். காபுரேற்றரின் அடியிலுள்ள ஆறுபட்டை நட்டை எத்தனை பட்டை இறக்குவதென்று ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரகசியம் இருந்தது. இன்னொரு விந்தையும் உண்டு. ஒயில் மட்டம் பார்க்கும் கோலை உருவிப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். கூடியது ஒயில் அன்று. எரியாமல் சிலிண்டர் வழியே கீழே வடிந்த மண்ணெண்ணெய். குறைவதைக் கண்டு அஞ்சப் பழகியிருந்த நான், கூடுவதைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லவேண்டுமாயின், அந்தத் துயரமான ஆண்டுகளில் நான் ஒரு வகையில் மகிழ்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு புதிர். ஒவ்வொரு புதிருக்கும் ஒரு விடை. சுற்றுவட்டத்தில் ஓடக்கூடிய நிலையில் இருந்த கார்கள் சில. அவற்றுள் எங்களுடையது ஒன்று. அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது. அப்பெருமையின் முடிவைத்தான் இங்கே எழுத வந்தேன்.

1991ஆம் ஆண்டு கார்த்திகை மாதம்; மாரி பிடித்துவிட்டது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் கரி வேகமாகப் படியும். சிலிண்டரின் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்துப் பூட்டவேண்டிய தவணை வந்தது. ஒரு பகல் வேலை. காலையிற் கழற்றினேன். மத்தியானத்துக்குள் கரி போய்விட்டது. அன்று மாலையே பூட்டியிருக்கலாம். ஆனால் சுரண்டிய இடம் வெளிச்சத்தில் மின்னியதைக் கண்டதும் எனக்கு ஆசை பிறந்தது. கலவை செல்லும் துவாரங்களையும் கண்ணாடிபோல் மினுக்கிவிட்டால் என்ன? உப்புத்தாளும் எண்ணெயுமாக அடுத்த நாளும் இருந்தேன். மூன்றாம் நாளும் இருந்தேன். விறாந்தையிலே ஒரு பழம்பாயை விரித்து, வால்வுகளையும் விற்சுருள்களையும் தண்டுகளையும் வரிசைக்கிரமமாக அடுக்கி, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் வேப்பமரத்தடி ஆசானும் வந்தார். பாயைப் பார்த்தார். துவாரத்தினுள்ளே விரலை விட்டுத் தடவினார்.

“நல்ல வடிவாய்த்தான் இருக்கு. இண்டைக்கே பூட்டிப்போடும் தம்பி” என்றார்.

“நாளைக்குப் பூட்டுறன் அண்ணை. இன்னும் ஒண்டு மிச்சமிருக்கு” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு பதினொரு மணியளவில் படலையிற் குரல் கேட்டது. அயல்வீட்டுக்காரர். “மாஸ்டர், காரை ஒருக்கா எடுக்கேலுமோ? இவவுக்கு நோக்காடு தொடங்கீட்டுது. நாள் இன்னும் இருக்கு, ஆனால் இரத்தம் போகுது” என்றார். “ஒரு மணித்தியாலம் தாங்கோ, பூட்டிவிடுறன்” என்று சொல்லிக்கொண்டே குப்பிவிளக்கைத் தூக்கினேன். விளக்கொளி விறாந்தைப் பாயின்மேல் விழுந்தது. அவர் பாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்தில் முடியாதென்பது இருவருக்கும் விளங்கிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரும்பி ஓடினார்.

அடுத்த ஒழுங்கையில் இரண்டு சில்லு உழவு யந்திரம் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரரை எழுப்பி, பெட்டியைக் கொளுவி, வைக்கோலும் மெத்தையும் போட்டு, அந்தப் பெண்ணைக் கிடத்திப் புறப்படுவதற்கே முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஐந்து மைல். தெருவோ குண்டும் குழியும். மெல்லத்தான் போகலாம். ஒவ்வொரு குழியிலும் பெட்டி தூக்கிப்போடும்போது உள்ளிருந்து எழுந்த குரலை, பின்னால் சைக்கிளிலே அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு சென்ற நான் கேட்டேன். முதலிற் காதால் பார்க்கச் சொன்னாரே ஆசான், அன்று முழுவதும் காதாலேயே பார்த்தேன். எங்கள் கார் அத்தூரத்தை இருபது நிமிடத்தில் ஓடியிருக்கும்.

குழந்தை இறந்து பிறந்தது. தாய் பிழைத்துக்கொண்டார். விடியற்புறத்தில் வெளியே வந்த வைத்தியர், கணவரின் தோளிலே கைவைத்து, “ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தாலும் இப்படித்தான் முடிஞ்சிருக்கலாம்” என்றார். ஆறுதலாகச் சொன்ன வார்த்தை. நான் இலக்கணம் படிப்பிப்பவன். ‘முடிந்திருக்கும்’ என்று அவர் சொல்லவில்லை. ‘முடிந்திருக்கலாம்’ என்றே சொன்னார். ஐயப்பொருள் தரும் அந்த ‘லாம்’ என்ற ஈற்றைப் பின்னர் எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் தாமதிக்கும்.

காலையில் வீடு திரும்பிப் பூட்டத் தொடங்கினேன். யார் சொன்னார்களோ, ஆசான் வந்தார். என் எதிரே குந்தியிருந்து நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு, ஒழுங்குமுறை பிசகாமல் இறுக்கினோம். எஞ்சின் கிளம்பி ஓடியபோது மத்தியானம் திரும்பிவிட்டது. மினுக்கிய துவாரங்களால் அது முன்னையிலும் நன்றாக ஓடியதா என்று நான் கவனிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழும்பியபோது அவர் சொன்னார்: “கழட்டுறதுக்கு ஆருக்கும் ஏலும், தம்பி. பொழுது படமுன்னம் பூட்டத் தெரிஞ்சவன்தான் மெக்கானிக்.” அதற்குமேல் அவர் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பின்னரும் சொல்லவில்லை.

அன்று முதல் ஒரு விதி வகுத்துக்கொண்டேன். பொழுது படும்போது கார் பிரிந்து கிடத்தலாகாது. ஒரு நாளிற் பூட்ட இயலாததைக் கழற்றுதலும் ஆகாது. அந்தியில் ஒருமுறை கிளப்பிப் பார்த்துவிட்டே விளக்கேற்றுவது. சேலைன் போத்தலில் ஒரு பயணத்துக்கான பெற்றோல் எப்பொழுதும் இருக்கவேண்டும். எக்காரணத்தாலும் அதனைத் தொடுதல் ஆகாது. இவ்விதியால் என் பரிசோதனைகள் பல நின்றுபோயின. ஆனால் அடுத்த நான்கு ஆண்டுகளில் எத்தனையோ இரவுகளில் அந்தக் கார் படலையைத் தாண்டிச் சென்று வந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். நான் ஒரு காரின் சாரதியாக இருந்து கண்டதை மட்டும் சொல்கின்றேன். எங்கள் தாய் தகப்பன், அயலில் நடக்க முடியாத கிழவிகள் இருவர், அவர்களோடு அந்த அயல்வீட்டுப் பெண்ணும் இரண்டு வயது மகளும். தகப்பனார் என் அருகே, மற்றவர்கள் பின்னாசனத்தில். கணவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். ஏறுவதற்கு முன் அந்தப் பெண் பிள்ளையை இடுப்பிலே வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

“மாஸ்டர், கார் ஸ்ராட் வரும்தானே?” என்றார்.

நான்கு ஆண்டுகளாக அவர் கேட்காத கேள்வி. மாலையில் நான் அதனைக் கிளப்பிப் பார்த்திருந்தேன். “வரும்” என்றேன். ‘வரலாம்’ என்று சொல்லவேண்டிய நிலை எனக்கு இருக்கவில்லை. வாழ்க்கையில் நான் உச்சரித்த வினைமுற்றுகளுள் அதுபோன்று நெஞ்சறிந்து உச்சரித்தது வேறொன்றில்லை.

செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் தெரு நிறைய மனிதர். கார் நடைவேகத்தில்கூடப் போகவில்லை. பத்தடி போகும், நிற்கும். அவ்வாறு ஊரும் காருக்குக் காற்றுப் பிடிக்காது; றேடியேற்றர் கொதிக்கத் தொடங்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளினோம். முன்பின் அறியாதவர்கள் தம் மூட்டைகளைப் பொனற்றின்மேல் வைத்துவிட்டுத் தாங்களும் தள்ளினர். அன்றிரவு நல்ல மழை. ஆயினும் அந்த வெளியிலே குடிக்கத் தண்ணீர் இல்லை. குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்தினார்கள். ஏந்திய நீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பின்னர் எஞ்சியதை ஒருவர் என்னிடம் நீட்டி, “இந்தாரும், உதுக்கும் குடுங்கோ. உதுவும் ஆள்தானே” என்றார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் துணியாற் பிடித்துத் திறந்து, ஊற்றினேன். சாவகச்சேரியை அடைந்தபோது மறுநாட் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. குழந்தை தாயின் மடியிலே நித்திரையாய் இருந்தது. பழைய கணக்குத் தீர்ந்ததென்று நான் எண்ணவில்லை. அத்தகைய கணக்குகள் தீர்வதில்லை. ஆனால் அன்று கார் பூட்டியபடி இருந்தது.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பினோம். வேப்பமரம் நின்றது, கறாச் இருக்கவில்லை. ஆசான் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமாகிவிட்டார்.

2002இல் ஏ9 தெரு திறந்தது. பெற்றோல் தாராளமாக வந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய கார்களை விலைக்குக் கேட்டுத் தெற்கிலிருந்தும் ஆட்கள் வந்தனர். ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். நல்ல மனிதர்; என்னைப்போலவே இந்நோய் பிடித்தவர். பொனற்றின் பட்டியைக் கண்டதும் நான்கு விரலை வைத்துப் பார்த்தார். இருவரும் சிரித்தோம். “எல்லாம் ஒறிஜினலோ?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரையில் சொன்னேன். தளத்தில் ஒரு துண்டு எண்ணெய்த் தகரம். பின்விற்களில் ஒரு தட்டு வேறொரு லொறியுடையது. கதவின் கைப்பிடி உள்ளூரில் வார்த்தது. இவை எல்லாம் குறைகளென்று அவர் குறித்துக்கொண்டார். அவர் கணக்கில் அவை குறைகளே. என் கணக்கில், கார் ஒரு நாளும் நில்லாமல் இருப்பதற்கு யார் யாரோ தந்தவை. விற்கவில்லை.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளின்றித் தவித்தபோது இளைஞர்கள் சிலர் என்னைத் தேடி வந்து, மண்ணெண்ணெய் வித்தையைக் கற்றுத் தருமாறு கேட்டனர். அவ்வாண்டு மண்ணெண்ணெய்க்கே வரிசை நீண்டு கிடந்தபடியால் வித்தை பயன்படவில்லை. பின்னர் பங்கீட்டு முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். சேலைன் போத்தற் கணக்கில் வாழ்ந்தவனுக்கு அது பெருஞ்செல்வம். வந்த இளைஞருள் பல்கலைக்கழக மாணவரும் இருந்தனர். காபுரேற்றரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று ஆவலோடு கேட்டனர். “பாருங்கோ” என்றேன். “ஆனால் பொழுது படமுன்னம் பூட்டவேணும்” என்றேன். ஏனென்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. இந்தக் கட்டுரையை அவர்களுக்கான விடையாகக் கொள்க.

பிரித்துப் பார்த்தல் கல்வியின் பாதி. ஒரு செய்யுளைச் சீராகவும் தளையாகவும், ஒரு சொல்லைப் பகுதியாகவும் விகுதியாகவும், ஒரு சமுதாயத்தை வர்க்கமாகவும் வரலாறாகவும் பிரித்து அடுக்கப் பல்கலைக்கழகங்கள் நமக்குக் கற்பிக்கின்றன. அந்த இன்பத்தை நான் குறைத்துச் சொல்லேன்; அதனை அறிந்தவன். ஆயின் நாம் பிரித்துப் பாயிற் பரப்பி வைத்திருக்கும் பொருளை நம்பி, படலைக்கு அப்பால் யாரோ ஒருவர் இருக்கின்றார். அவர் எந்த இரவில் வருவாரென்று நமக்குத் தெரியாது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் பற்றிச் சிறுவயதில் படித்தபோது, நல்லதொரு தேரை இப்படிக் காட்டில் விட்டுவிட்டு வந்தானே என்று எனக்குள் வருந்தியிருக்கின்றேன். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த கொடி அவன் கண்ணிற் பட்டபோது, அவனுடைய தேர் கொடுக்கத்தக்க நிலையில் அவனிடம் இருந்தது. அவன் பெற்ற பேற்றின் பாதி அதுவே என்று இப்போது தோன்றுகின்றது.

மாலையாகிவிட்டது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் காரை ஒருமுறை கிளப்பிப் பார்க்கவேண்டும்.